போதும் என்று சொல்லும் பொறுப்பு

சென்ற ஆண்டுத் தவக்காலத்தின் நடுவில் ஒரு மாலை, எங்கள் பங்கைச் சேர்ந்த மீனவர் ஒருவரின் மகனைப் பார்க்க நகரத்து மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். பதினேழு வயதுப் பையன். வயிற்றுவலியைச் சூட்டுவலி என்று எண்ணி இரண்டு நாள் பொறுத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் குடல்வால் வெடித்துவிட்டது. வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை செய்து, வெடித்த குடல்வாலை அகற்றி, உள்ளே சிந்தியிருந்த சீழையும் வெளியேற்றியிருந்தார்கள். நான் சென்றது அறுவைக்குப் பின் நான்காம் நாள். பையன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் தெளிவு இருந்தது. தந்தையின் முகத்தில் அது இல்லை.

அவர் என்னை வராந்தாவுக்கு அழைத்துச் சென்று தணிந்த குரலில் கேட்டார்: "சாமி, பக்கத்துக் கட்டில்ல கிடக்கவருக்கு ஏழு நாளா ஊசி ஏறுது. எம்மவனுக்கு மூணு நாளோட நிறுத்திட்டாவ. கேட்டா, போதும்ங்காவ. நாம இல்லாதப்பட்டவங்கன்னுதான் நிறுத்திட்டாவளோ? நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாவ, சாமி."

நானும் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இன்று சற்று நாணத்தோடுதான் எழுதுகிறேன். அறுவை செய்த பெண் மருத்துவரைத் தேடிச் சென்று, என் வெள்ளை அங்கிக்கு மக்கள் தரும் மதிப்பையும் துணையாகக் கொண்டு, "பாதுகாப்புக்காக இன்னும் இரண்டு மூன்று நாள் மருந்து கொடுத்தால் என்ன, டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சர்க்கரை நோயாளி என்றும், அவருக்கு வயிற்றைத் திறந்தே அறுவை செய்ய நேர்ந்தது என்றும், காய்ச்சல் இன்னும் தணியவில்லை என்றும் விளக்கினார். பின்னர் அவர் சொன்னது என் மனத்தில் தைத்தது. "ஃபாதர், இன்னும் இரண்டு நாள் எழுதிக் கொடுப்பது எனக்கு ரொம்பச் சுலபம். எழுதிவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்கலாம். நிறுத்தினால்தான் தினமும் அவன் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது."

அவர் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. நான் வீடு திரும்பினேன். தந்தையின் கேள்வியும் மருத்துவரின் விடையும் அன்று முதல் என்னோடு இருக்கின்றன. ஒருவருக்குக் குறைவாகக் கொடுப்பது அவரைக் குறைவாக மதிப்பதாகுமா? மிகுதியாகக் கொடுப்பதுதான் எப்போதும் அன்பா? இவை மருத்துவக் கேள்விகளாகத் தோன்றினாலும் அடியில் இருப்பவை அறக் கேள்விகளே.

அச்சத்தின் வரலாறு

குடல்வால் அழற்சி அனைத்தும் ஒரே தன்மையுடையது அன்று. குடல்வால் வீங்கி மட்டும் இருக்கையில் அதனை அகற்றிவிட்டால், அறுவைக்குப் பின் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பொதுவாகத் தேவைப்படுவதில்லை. அது அழுகியோ, துளை விழுந்தோ, சீழ்க்கட்டி கட்டியோ இருந்தால் அதைச் சிக்கலான குடல்வால் அழற்சி என்பர். அந்நிலையில் குடலுக்குள் அடங்கி வாழ வேண்டிய நுண்ணுயிர்கள் வயிற்றறைக்குள் சிந்திவிடுகின்றன. குடல்வாலை அகற்றிய பின்னும் உள்ளே சீழ் மீண்டும் கட்டக்கூடும். ஆகவே அறுவைக்குப் பின்னும் ஊசி வழியே மருந்து தொடர்கிறது. எத்தனை நாள் தொடர வேண்டும் என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியைச் சுற்றி ஓர் அச்சம் சூழ்ந்திருக்கிறது. அதற்கு நியாயமும் உண்டு. இந்நோயின் பிறப்பிடம் குடல்வாலே என்று 1886-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் தெளிவுபடுத்தி, காலம் தாழ்த்தாமல் அறுவை செய்ய வேண்டும் என்று வலியுறுத்தினார். அதன் பின்னும் இந்நோய் பலரைக் கொண்டுபோயிற்று. இலண்டனில் புகழ்பெற்ற அறுவை மருத்துவராக விளங்கிய ஃபிரெடெரிக் டிரீவ்ஸ் என்பவரின் மகள் 1900-ஆம் ஆண்டில் இதே நோயால் இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1902 ஜூன் 24 அன்று, முடிசூட்டு விழாவுக்கு இரண்டே நாள்கள் இருக்கையில், மன்னர் ஏழாம் எட்வர்டின் வயிற்றில் கட்டியிருந்த சீழை வெளியேற்றியவர் அதே டிரீவ்ஸ்தான். மன்னர் பிழைத்தார், ஆகஸ்ட் 9 அன்று முடிசூடினார். மகளை இழந்த கைகள் மன்னரைக் காப்பாற்றின. அந்த நாள்களில் அறுவைக்குப் பின் ஏற்றுவதற்கு மருந்து ஏதும் இல்லை. கத்தியும், நோயாளியின் உடல் வலிமையும், காத்திருப்பும் மட்டுமே இருந்தன.

பின்னர் பெனிசிலின் வந்தது. 1928-இல் அதனைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-ஆம் ஆண்டு டிசம்பரில் நோபெல் பரிசு ஏற்றபோது ஆற்றிய உரையில், தம் கண்டுபிடிப்பைப் புகழ்ந்ததோடு நின்றுவிடவில்லை. ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். கற்பனையாக ஒரு மனிதரைச் சொன்னார். அவருக்குத் தொண்டை வலி. பெனிசிலினை வாங்கிக் குறைந்த அளவில் உட்கொள்கிறார். கிருமிகள் சாகவில்லை, மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிக்கொள்கின்றன. அவை அவர் மனைவியைத் தொற்றுகின்றன. மனைவிக்கு நிமோனியா காண்கிறது. இப்போது பெனிசிலின் பயன்படவில்லை, அவள் இறந்துபோகிறாள். மருந்தைப் பயன்படுத்துவதானால் போதிய அளவில் பயன்படுத்துங்கள் என்பதே ஃபிளெமிங் சொன்ன படிப்பினை.

அந்தப் படிப்பினையை உலகம் ஒரு பக்கமாக மட்டும் கேட்டுக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. 'போதிய அளவு' என்ற சொல் நாளடைவில் 'எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது' என்று மாறிவிட்டது. ஏழு நாள், பத்து நாள் என்ற கணக்குகள் பல நோய்களில் ஆராய்ந்து கண்டவை அல்ல, வழக்கத்தால் நிலைத்தவை. போதிய அளவு என்பதற்குக் கீழ் எல்லை இருப்பது போல மேல் எல்லையும் இருக்க வேண்டும் அல்லவா? அதைத் தேட நெடுங்காலம் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

எண்ணிப் பார்த்தவர்கள்

அத்துணிவு அண்மைக் காலத்தில் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வயிற்றறைத் தொற்றுக்கு ஆளாகி, தொற்றின் மூலத்தை அகற்றவோ வடிக்கவோ பெற்ற 518 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு ஏறத்தாழ 4 நாள் மருந்து. மற்றவர்களுக்குக் காய்ச்சல் முதலிய அறிகுறிகள் தணிந்து மேலும் இரண்டு நாள் வரை. அது நடைமுறையில் ஏறத்தாழ 8 நாள் ஆயிற்று. முடிவில் இரு பிரிவிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 22 பேருக்குச் சிக்கல் நேர்ந்தது. இரட்டிப்பு நாள்கள் இரட்டிப்புப் பாதுகாப்பைத் தரவில்லை.

குடல்வாலை மட்டுமே எடுத்துக்கொண்டு நெதர்லாந்து நாட்டில் 15 மருத்துவமனைகளில் 2017 முதல் 2021 வரை ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2023-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. சிக்கலான குடல்வால் அழற்சிக்கு அறுவை செய்துகொண்டவர்களில் ஒரு பிரிவினருக்கு 2 நாள் ஊசிமருந்து. மறு பிரிவினருக்கு 5 நாள். 90 நாள்களுக்குள் தொற்றுச் சிக்கலோ இறப்போ நேர்ந்தோர், 2 நாள் பிரிவில் 502 பேரில் 51 பேர்; 5 நாள் பிரிவில் 503 பேரில் 41 பேர். ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்திருந்த எல்லைக்குள் இந்த வேறுபாடு அடங்கியது. எனவே குறுகிய காலம் தாழ்ந்ததன்று என்று முடிவு செய்தனர். மருந்தால் விளையும் தீய விளைவுகள் 5 நாள் பிரிவில் நூற்றுக்கு 22 பேருக்கும், 2 நாள் பிரிவில் 9 பேருக்கும் ஏற்பட்டன. இதற்கு முன்பே, 2020-இல், உலக அவசர அறுவை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டு நெறிகள், மூலத்தை நன்கு அகற்றிய பின் 3 முதல் 5 நாளுக்கு மேல் மருந்து வேண்டியதில்லை என்று கூறியிருந்தன.

ஆகவே எங்கள் பையனுக்கு மூன்று நாளோடு நிறுத்தியது அலட்சியம் அன்று; ஏழ்மையைக் கண்டு செய்த சிக்கனமும் அன்று. அது ஆராய்ந்தறிந்த அளவு. இதை நான் முன்பே அறிந்திருந்தால் அந்தத் தந்தைக்கு அப்போதே விடை கூறியிருப்பேன். ஆனால் விடை அத்துடன் முடிந்துவிடவில்லை.

பாதுகாப்பான வழி எது?

குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த காலத்தில், பதினேழாம் நூற்றாண்டில் நடந்த ஒரு நெடிய வாதத்தைப் பேராசிரியர் எங்களுக்கு விளக்கினார். ஒரு செயல் தகுமா தகாதா என்று ஐயம் எழுமானால் மனச்சான்று எவ்வழி செல்ல வேண்டும்? எப்போதும் மிகப் பாதுகாப்பான வழியையே பின்பற்ற வேண்டும். மற்ற வழிக்கு எவ்வளவு வலிய காரணங்கள் இருந்தாலும் அதை நாடலாகாது என்றனர் ஒரு சாரார். கேட்பதற்கு மிகவும் பக்தியான கொள்கை. ஆயினும் திருத்தந்தை எட்டாம் அலெக்சாந்தர் 1690-ஆம் ஆண்டில் அதன் தீவிர வடிவத்தைக் கண்டித்தார். அக்கொள்கை மனிதரைப் புனிதராக்கவில்லை. அச்சம் கொண்டவராகவே ஆக்கியது. பின்வந்த புனித அல்போன்ஸ் லிகோரியார், அளவு மீறிய கண்டிப்புக்கும் அளவு மீறிய தளர்ச்சிக்கும் நடுவே ஒரு வழியைத் தேடியே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், அதே மரபு இன்னொன்றையும் கற்பித்தது. பிறருடைய உயிர் சார்ந்த காரியங்களில் நம் வசதிக்கு ஏற்ற கருத்தைத் தேடித் திரியலாகாது. மருத்துவர் நோயாளிக்குப் பாதுகாப்பான மருந்தையே தேர்ந்துகொள்ள வேண்டும் என்றது. அப்படியானால் நான் அன்று கேட்டது சரிதானே என்று வாசகர் வினவலாம். நானும் சில நாள் அப்படித்தான் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் 'பாதுகாப்பானது' என்ற சொல்லை நாம் எங்கே தவறவிடுகிறோம் என்று பாருங்கள். அதனை 'மிகுதியானது' என்று பொருள் கொண்டுவிடுகிறோம். கூடுதல் நாள் மருந்து ஓர் ஆபத்துக்கு எதிரான காவல். அதே மருந்து வேறு ஆபத்துகளுக்கு வாசல். ஊசி ஏறும் நரம்பு வீங்குகிறது. குடலில் நமக்கு நன்மை செய்து வாழும் நுண்ணுயிர்களும் சேர்ந்தே மடிகின்றன; வயிற்றுப்போக்கு காண்கிறது; சில வேளை அதுவே கடுமையாகிவிடுகிறது. கட்டிலில் கழியும் ஒவ்வொரு நாளும் வேறு தொற்றுகளுக்கு இடம் தருகிறது. கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் அந்தத் தந்தையின் வீட்டு அடுப்பைத் தொடுகிறது. ஓர் ஆபத்தைக் கண்டு அஞ்சி மற்ற ஆபத்துகளைக் காணாதிருப்பது விவேகம் ஆகாது. அஞ்சுகின்ற ஆபத்து ஒன்றுதான் கண்ணுக்குப் படுகிறது என்பதற்காக மற்றவை இல்லாமல் போய்விடுவதில்லை.

இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். அந்தக் கூடுதல் நாள்கள் யாருக்குப் பாதுகாப்பு? சீழ் மீண்டும் கட்டினால், "ஏழு நாள் கொடுத்தேன், அதற்கு மேல் நான் என்ன செய்வது?" என்று மருத்துவர் சொல்லலாம். "நான் டாக்டரிடம் சொல்லிக் கூட இரண்டு நாள் கொடுக்க வைத்தேன்" என்று பங்குத் தந்தை சொல்லலாம். நோயாளியின் பெயரால் நாம் நம்மையே காத்துக்கொள்கிறோம். என் அன்றைய பரிந்துரையில் இரக்கம் இருந்தது உண்மை. பழியிலிருந்து விலகி நிற்கும் விருப்பமும் அதில் கலந்திருந்தது. இரண்டையும் பிரித்தறிய எனக்குச் சில வாரங்கள் ஆயின.

கட்டிலருகே இல்லாத அயலார்

ஃபிளெமிங் சொன்ன கற்பனைக் கதையில் இறந்தவர் மருந்தை உண்ட கணவர் அல்லர். மருந்தைத் தொடாத மனைவி. இதுவே இக்காரியத்தின் தனித்தன்மை. வேறு எந்த மருந்தை நான் மிகுதியாக உண்டாலும் கேடு பெரும்பாலும் என்னோடு நின்றுவிடும். நுண்ணுயிர்க்கொல்லி அப்படியன்று. அதைத் தேவையின்றி ஏற்கும் ஒவ்வொரு நாளும், அதற்கு அடங்கும் கிருமிகள் அழிந்து, அடங்காதவை மிஞ்சிப் பெருகுவதற்கு வழி உண்டாகிறது. அவை ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்கும், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கும் செல்கின்றன.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேர்க் காரணமாக 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று 2022-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு கூறுகிறது. நம் நாட்டு மருத்துவர்கள் இந்த ஆபத்தை உணர்ந்து 2012-ஆம் ஆண்டு சென்னையில் கூடி வகுத்த செயல்திட்டம் 'சென்னைப் பிரகடனம்' என்று வழங்குகிறது. 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட சில நுண்ணுயிர்க்கொல்லிகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்பதோடு, விற்றதற்குத் தனிப் பதிவேடும் வைக்க வேண்டும் என்ற விதி நடப்பில் உள்ளது. விதி இருக்கிறது. எனினும் காய்ச்சல் என்றதும் மருந்துக் கடைக்குச் சென்று, "நாலு ஆன்டிபயாட்டிக் கொடுங்க" என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் போயிற்றா என்பதை நாமே சொல்லிக்கொள்ள வேண்டும்.

அயலார் யார் என்ற கேள்விக்கு ஆண்டவர் தந்த விடை நாம் அறிந்ததே. நல்ல சமாரியருக்கு அயலார் வழியில் கண்ணெதிரே கிடந்தார். நம் காலத்து அயலார் கண்ணெதிரே இல்லாதவரும் ஆவார். பத்து ஆண்டுகள் கழித்து இதே மருத்துவமனையில் பேறுகாலக் காய்ச்சலோடு படுக்கப்போகும் ஒரு பெண், அவள் இன்று பள்ளிக்குச் செல்லும் சிறுமி, எங்கள் பையனின் ஊசிமருந்தில் பங்குடையவள். மருந்தின் ஆற்றல் பொதுச்சொத்து. அதனை வீணாக்குவது ஊர்க் கிணற்றைப் பாழாக்குவது போன்றது.

பழைய ஏற்பாட்டில், பாலை நிலத்தில் இஸ்ரயேல் மக்கள் மன்னா பொறுக்கிய நிகழ்ச்சியை இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன். தலைக்கு ஓர் அளவு. மிகுதியாகச் சேர்த்தவருக்கு மிஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையவில்லை. நாளைக்கு இருக்கட்டும் என்று சிலர் எடுத்து வைத்தது புழு வைத்து நாறிற்று. மன்னாவில் குறை இல்லை. நாளை என்ன ஆகுமோ என்ற அச்சம்தான் நல்ல உணவை அழுகலாக்கியது.

எண்ணுக்குள் அடங்காத அளவு

இதுவரை சொன்னதைக் கொண்டு, 'எல்லாருக்கும் குறைந்த நாள் போதும்' என்று ஒருவர் முடிவு கட்டினால் அவர் மறு பக்கத்தில் தவறுகிறார். நெதர்லாந்து ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. 2 நாள் பிரிவில் மீண்டும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்கள் நூற்றுக்கு 12 பேர். 5 நாள் பிரிவில் 6 பேர். ஆய்வாளர்களும் இதை மறைக்கவில்லை. தங்கள் முடிவு லேப்ராஸ்கோப்பி வழியான அறுவைக்கும், வசதிகள் நிறைந்த மருத்துவச் சூழலுக்குமே பொருந்தும் என்று தாங்களே எழுதியுள்ளனர்.

இந்த வாக்கியத்தை ஓர் ஏழைப் பங்கின் மேய்ப்பர் விரைந்து கடந்து செல்ல முடியாது. நூற்றுக்கு ஆறு பேர் கூடுதலாகத் திரும்பி வர வேண்டியிருந்தது என்றால், அவர்களால் திரும்பி வர முடிந்தது என்று பொருள். வண்டி இருந்தது, வழி இருந்தது, வந்தால் ஏற்கும் கதவு திறந்திருந்தது. இரண்டு பேருந்து மாறி வர வேண்டியவருக்கு, காய்ச்சல் கண்டதும் அதைக் கூலி நாளின் களைப்பு என்று எண்ணிக்கொள்பவருக்கு, திரும்பி வந்தால் ஏசுவார்களோ என்று கூசுபவருக்கு, அந்த இரண்டு நாள் கணக்கு அப்படியே பொருந்துமா? குறுகிய காலச் சிகிச்சையைத் தாங்கி நிற்பது மருந்து மட்டும் அன்று. மருந்தைச் சுற்றி இருக்கும் கவனிப்பு. அந்தக் கவனிப்பைத் தராமல் நாள்களை மட்டும் குறைத்தால், அந்தத் தந்தை ஐயுற்றது உண்மையாகிவிடும். அது ஏழையைக் குறைத்து மதிப்பதே.

ஆகவே 'போதும்' என்பது எல்லாருக்கும் ஒரே எண் அன்று. அது இந்த நோயாளியை, இந்த அறுவையை, இந்த வீட்டை, இந்தத் தொலைவைப் பார்த்து ஒருவர் எடுக்கும் தீர்ப்பு. தீர்ப்பு எடுத்தவருக்கு அதன் பின்னும் ஒரு கடமை உண்டு: விழித்திருப்பது. மருத்துவர் என்னிடம் சொன்னதன் முழுப் பொருள் இதுவே. பல வேளைகளில் நாம் மருந்தைக் கூட்டுவது நோயாளிக்காக அன்று; விழித்திருப்பதன் இடத்தில் மருந்தை வைத்துவிட்டு நாம் உறங்கப் போவதற்காக.

திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தின் பெரும்பகுதி மருந்தைப் பேசவில்லை. அளவறிந்து உண்பதைப் பேசுகிறது. இறுதிக் குறளோ மருத்துவத்தை நான்காக வகுத்து, நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து கவனிப்பவரையும் ஒரு கூறாக வைக்கிறது. நான்காமவர் இல்லையென்றால் மூன்றாவதை எவ்வளவு கூட்டினாலும் நிறைவதில்லை. நம் முன்னோர் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த தலையான புண்ணியங்களுள் 'மட்டசனம்' என்று ஒன்று உண்டு. போசனப்பிரியத்துக்கு எதிரானது என்று அதைச் சிறுவயதில் ஒப்பித்தோம். மட்டாக உண்பது என்பது பட்டினி கிடப்பது அன்று. தேவையை அறிந்து ஏற்பது. சோற்றுக்கு மட்டும் உரியதென்று நாம் எண்ணிய அந்தப் புண்ணியம் மருந்துக்கும் உரியதே.

வாசகர்கள் ஒன்றைத் தவறாகக் கொள்ளலாகாது. மருத்துவர் ஐந்து நாள் என்று எழுதியதை மூன்றாம் நாளே உடம்பு தேறிவிட்டது என்று தாமாக நிறுத்துவது இக்கட்டுரையின் அறிவுரை அன்று. போதும் என்று சொல்லும் பொறுப்பு நோயை அறிந்தவருக்கு உரியது. நமக்கு உரியவை இரண்டு: கூடுதல் வேண்டுமென்று வற்புறுத்தாதிருப்பது, எதைக் கவனிக்க வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது.

அந்தப் பையனின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். ஐந்தாம் நாள் அவன் வீடு திரும்பினான். குருத்து ஞாயிறுக்கு முந்திய இரவு அவனுக்குக் காய்ச்சல் கண்டது, அடிவயிறு வலித்தது. தந்தை விடியும்வரை காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவில் மகனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். உள்ளே சிறிதளவு சீழ் மீண்டும் கட்டியிருந்தது. ஊசி வழியே அதை வடித்து, மீண்டும் சில நாள் மருந்து ஏற்றினார்கள். உயிர்ப்பு ஞாயிறு அன்று அவன் மருத்துவமனையில் இருந்தான்; அடுத்த ஞாயிறு கோயிலில் இருந்தான்.

செய்தி கேட்டபோது, "நான் சொன்னது போலக் கூட இரண்டு நாள் கொடுத்திருந்தால்!" என்று என் மனம் உடனே துள்ளியது. ஆனால் 5 நாள் மருந்து பெற்ற 503 பேரிலும் 41 பேருக்குச் சிக்கல் வந்ததை நான் பின்னர் அறிந்தேன். கூட்டியிருந்தால் வந்திருக்காது என்று எவராலும் சொல்ல முடியாது. வந்தே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. விளைவைக் கொண்டு தீர்ப்பின் நேர்மையை அளக்கலாகாது என்று வகுப்பறையில் எளிதாகப் படித்ததை அந்த வாரம் கடினமாகப் படித்தேன்.

புனித வியாழன் அன்று அந்தத் தந்தையை மீண்டும் அதே வராந்தாவில் சந்தித்தேன். மருத்துவர் மீது அவருக்குச் சினம் இருக்கும் என்று எதிர்பார்த்து, ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அவர் தலையசைத்து என்னை நிறுத்தினார். "இல்ல சாமி. அந்த அம்மா அன்னைக்கே சொல்லியிருந்தாவ. காய்ச்சல் வந்தா, வயிறு வலிச்சா, நடுராத்திரின்னாலும் வந்துருங்கன்னு சீட்டுல நம்பர் எழுதிக் குடுத்திருந்தாவ. நானும் தெனமும் ராத்திரி அவன் நெத்தியத் தொட்டுப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நாங்க வந்து சேரும்போது அவுகளும் வந்து நின்னாவ."

இல்லாதப்பட்டவர் என்பதால்தான் நிறுத்திவிட்டார்களோ என்று அவர் அதன் பின் கேட்கவே இல்லை.